வன்னிக் கொப்பும் இலையும்: அகலக்கோட்டோட மரம் எப்பிடி மாறுது எண்டு நீங்களே அளந்து பாக்க ஒரு முழு வழிகாட்டி

வட இலங்கையின்ர வன்னிப் பக்கத்தில வவுனியாவின்ர அகலக்கோடு 8.75 பாகை வடக்கு, மாங்குளம் 9.1, கிளிநொச்சி 9.4. ஏ9 றோட்டால 70 கிலோமீற்றர் ஓடினாலும் ஒரு பாகை கூட மாறாது, ஏனெண்டா ஒரு பாகை கிட்டத்தட்ட 111 கிலோமீற்றர். முழு இலங்கையே 5.9க்கும் 9.8க்கும் இடையில முடிஞ்சிரும். ஆனா அந்த 70 கிலோமீற்றருக்குள்ளயே பாலை, முதிரை, மருது, தேக்கு, வேம்பு எண்டு இலையிலயும் கொப்பிலயும் ஒண்டுக்கொண்டு சம்மந்தமே இல்லாத மரங்கள் நிக்குது. அதால வன்னியில அளக்கப் போற ஆள் முதல்ல எழுதவேண்டியது அந்த மரத்துக்குத் தண்ணி எங்கயிருந்து வருது எண்டதை, அகலக்கோடு அதுக்குப் பிறகுதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிடியிலதான் போகும்.

ஏ.எல். உயிரியல் செய்யிற பிள்ளையள், செயற்திட்டம் செய்விக்கிற ஆசிரியர்மார், சும்மா மரங்களில விருப்பம் உள்ள ஆக்கள் எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறன். பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

முதல்ல விளங்கவேண்டியது: அகலக்கோடு என்னத்தைக் கொண்டு வருது

அகலக்கோடு எண்டது ஒரு இடம் மத்திய கோட்டில இருந்து எவ்வளவு வடக்க, தெற்க எண்டு சொல்லுற ஒரு இலக்கம், அது மரத்தை ஒண்டும் செய்யாது. அதோட சேந்து வாற சூடு, குளிர், மழை, பகல் நீளம், உறைபனி, இதுகள்தான் மரத்தை மாத்துது. எங்கட பக்கம் வருசத்தில மிகநீண்ட பகலுக்கும் மிகக்குறுகின பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம். ரொறன்ரோவில (43.7 பாகை) கிட்டத்தட்ட 9 மணித்தியாலத்தில இருந்து பதினைஞ்சரை வரைக்கும் போகும், ஒஸ்லோவில (59.9 பாகை) 6இல இருந்து 19. அங்க மரம் பகல் குறையிறதை வைச்சே குளிர் வரப்போகுது எண்டு அறிஞ்சு இலையை உதிர்க்கும். இஞ்ச முதிரை இலை உதிர்க்கிறது சோளகத்தில (தென்மேல் காத்துக் காலத்தில) நிலம் வறண்டு போறதால. பாக்க ரெண்டும் இலை உதிர்க்கிறதுதான், காரணம் வேற வேற.

இலை பெருசா சின்னனா எண்டதுக்கு 2017இல இயன் றைற்றும் கூட்டாளிகளும் சயன்ஸ் சஞ்சிகையில ஒரு பெரிய வேலை போட்டவை, உலகம் முழுக்க 7,670 இனங்கள். இலைப் பரப்பு இனத்துக்கு இனம் ஒரு லட்சம் மடங்குக்கு மேல வித்தியாசப்படும். பெரிய இலைகள் சூடும் ஈரமும் சேந்த இடங்களில, அதாவது மத்திய கோட்டுக்குக் கிட்ட ஈரக்காடுகளில. வடக்க போகப்போக சராசரி சின்னனாகும். ஆனா மத்திய கோட்டுக்குக் கிட்ட இருந்தாலும் வறண்ட இடமெண்டா அங்கயும் சின்ன இலைதான், மன்னார்ப் பக்கத்து உடை மரத்தைப் பாத்தாலே விளங்கும்.

காரணம் இதுதான். இலையைச் சுத்தி அசையாத காத்து மெல்லிய படையா ஒட்டிக்கொண்டு நிக்கும், இலை பெருசெண்டா அந்தப் படை தடிப்பாகும், சூடு வெளியில போறது குறையும். தண்ணி இருந்தா இலைவாயால (இலையில இருக்கிற நுண்ணிய துளையால) நீராவியை விட்டு இலை தன்னைக் குளிர வைக்கும், தண்ணி இல்லாட்டி அவிஞ்சு போகும். இரவில இது மறுவளமா நடக்கும், மேகமில்லாத வானத்துக்குக் கீழ பெரிய இலை சுத்தியிருக்கிற காத்தை விடவும் குளிரும், அப்ப உறைபனி அடிக்கும். அந்த ஆய்வு சொல்லுற முக்கியமான விசயம் என்னெண்டா உலகத்தின்ர கன இடங்களில இலை எவ்வளவு பெருசாகலாம் எண்டு வரம்பு போடுறது பகல் சூட்டை விட இரவுக் குளிர்தானாம். எங்களுக்கு உறைபனி இல்லை, அதால வன்னி மரங்களில வேலை செய்யிறது மற்றப் பக்கம், பகல் வெயிலும் தண்ணித் தட்டுப்பாடும்.

கொப்புப் பக்கம் குளிருக்கு வேற வேலை இருக்கு. காழ்க்கலனுக்குள்ள (வேரில இருந்து இலைக்குத் தண்ணி கொண்டுபோற நுண்குழாய்) இருக்கிற தண்ணி உறைஞ்சா அதில கரைஞ்சிருந்த காத்து குமிழியா பிரியும், திருப்பி உருகேக்க குமிழி பெருத்து கலன் வெறுமையாப் போகும். அகலமான கலனெண்டா குமிழியும் பெருசு, ஆபத்தும் கூட. 40 மைக்ரோமீற்றருக்கு மேல போனா இந்தப் பிரச்சினை கடுமையா இருக்கும். அதால குளிர்நாட்டு மரங்கள் கனக்க ஒடுங்கின கலனோட இருக்கும், இல்லாட்டி ஓக் மாதிரி ஒவ்வொரு வசந்தத்திலயும் புதுசா அகலக் கலன் போட்டுக்கொள்ளும்.

மரம் தெரிவு

எல்லாத்தையும் அளக்கப் போகாதேங்கோ. எதிரெதிரான குணமுள்ள அஞ்சாறு இனம் போதும். நான் தெரியிறதெண்டா பாலை, மருது, முதிரை, தேக்கு, வேம்பு எடுப்பன்.

பாலை கட்டாயம் வேணும். என்றும் பச்சை, இலை தோல் மாதிரித் தடிப்பு, மேல்பக்கம் மினுங்கும், நுனியில ஒரு வெட்டு விழுந்தமாதிரி உள்ளுக்கு வளைஞ்சிருக்கும், இலையெல்லாம் கொப்பின்ர அந்தத்தில கூட்டமா நிக்கும். கொப்பை முறிச்சா பால் வரும். மருது அதுக்கு நேர்மாறு, ஆத்தங்கரையும் குளக்கரையும்தான் அதின்ர இடம், இலை நீளமா பெருசு. இலையைத் திருப்பி காம்பு தொடங்கிற இடத்துக்குக் கிட்ட உத்துப் பாருங்கோ, ரெண்டு சின்னச் சுரப்பி மொட்டு மாதிரித் துருத்திக்கொண்டு நிக்கும், அது தெரிஞ்சா மருதெண்டு நம்பி எழுதலாம். கனகராயன் ஆத்தோரம் நிக்கிற மருதையும் அதே அகலக்கோட்டில மேட்டுக்காட்டில நிக்கிற பாலையையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா, ஒரே பாகைக்குள்ள தண்ணி என்ன வேலை செய்யுது எண்டு கையிலயே தெரியும்.

தேக்கு இந்த நாட்டு மரமில்லை, கொண்டுவந்து நட்டது, ஆனா பாடத்துக்கு அருமையான மரம். முள்ளியவளைத் தேக்கங்காட்டுப் பக்கம் போறவைக்கு அந்த இலை தெரியும், ஒரு முழத்துக்கும் கூட நீளம் வரும். இளங்கொப்பு நாலு மூலையா தடிச்சிருக்கும். இ.ஜே.எச். கோணர் எண்ட தாவரவியலாளர் 1949இல சொன்ன ஒரு விதி இருக்கு: கொப்பு தடிப்பெண்டா அது தாங்குற இலையும் பெருசா இருக்கும், கொப்பு கூடக் கூடக் கிளைச்சா இலையும் கொப்பும் சின்னனாகும். தேக்கங்கொப்பையும் புளியங்கொப்பையும் ஒரு கையில பிடிச்சுப் பாத்தா அந்த விதி அப்பிடியே நிக்கும். இந்த விதி மத்திய கோட்டிலயும் சரி ஒஸ்லோவிலயும் சரி பொதுவாப் பொருந்தும், அதாலதான் இலையை மட்டும் அளக்காம கொப்போட சேத்து அளக்கச் சொல்லுறன்.

ஒரு முக்கியமான விசயம். காட்டுக்குள்ள இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு போட் இருக்கிற இடம், நாடா கட்டின இடம், ஆக்கள் நடந்து பழகாத பத்தை, இதுகளுக்குள்ள ஒரு இலைக்காகவும் கால் வைக்கக்கூடாது, மிதிவெடி துப்பரவாக்கின இடமோ எண்டு ஊர் ஆக்களிட்டக் கேட்டுத்தான் போகோணும். யானை நடமாடுற பக்கம் விடியவும் பின்னேரமும் தனிய நிக்காதேங்கோ. ஒதுக்கக் காட்டில வனத்திணைக்களத்தின்ர அனுமதி இல்லாம ஒரு கொப்பும் முறிக்கக்கூடாது. வீட்டு வளவு, பள்ளிக்கூடம், கோயில் வீதி, றோட்டுக்கரை, குளக்கட்டு, இதுவே தாராளம்.

எப்ப எடுக்கிறது, எந்தக் கொப்பு

மாரி முடிஞ்சு தை, மாசி நல்ல காலம். வன்னிக்கு மழை கிட்டத்தட்ட 1,250 இல இருந்து 1,500 மில்லிமீற்றர், அதில பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில கொட்டித் தீர்ந்திரும், அதுக்குப் பிறகு இலையெல்லாம் முத்தி நிக்கும். ஆடி ஆவணியில போனா முதிரை மொட்டையா நிக்கும், அளக்க ஒண்டுமிருக்காது. வெளிநாட்டில ஆரும் உங்களோட சேந்து அளக்கினம் எண்டா அவை அங்கத்தைய யூலை ஓகஸ்ட்டில எடுக்கட்டும். ரெண்டு பக்கமும் ஒரே மாதத்தில எடுக்கோணும் எண்டில்லை, இலை ஒரே முதிர்ச்சியில இருக்கோணும்.

வெயில் நல்லாப் படுற வெளிப்பக்கக் கொப்பு மட்டும் எடுங்கோ. நிழல் இலை மெல்லிசா அகலமா இருக்கும், ஒரே மரத்திலயே வெயில் இலைக்கும் நிழல் இலைக்கும் பெரிய வித்தியாசம் வரும், ரெண்டையும் கலந்தீங்கள் எண்டா பிறகு என்ன கணக்குப் போட்டும் பிரிக்கேலாது. உயரமெண்டா கொக்கத்தடியால இழுங்கோ. விடியக்காலமை எடுத்தா இலையில தண்ணி நிறைஞ்சிருக்கும். ஈரத்துணியில சுத்தி சொப்பிங் பைக்குள்ள போட்டு, வீட்டை வந்ததும் கொப்பின்ர அடியைத் தண்ணிக்குள்ள வைச்சே திருப்பி ஒருக்கா வெட்டி வாளியில இரவு விடுங்கோ.

இனத்துக்கு அஞ்சு மரம், மரத்துக்கு ஒரு கொப்பு, கொப்பில அஞ்சு முத்தின நல்ல இலை. பூச்சி திண்டது, மஞ்சள் விழுந்தது வேண்டாம். இருபத்தஞ்சு இலை வந்தாலும் அது அஞ்சு மரத்தின்ர தரவுதான், மரத்துக்கு ஒரு சராசரி எடுத்து அந்த அஞ்சையும்தான் கணக்கில சேர்க்கோணும்.

இனி கொப்பு எண்டு எங்க மட்டும் எடுக்கிறது? இதிலதான் வடக்கு நாட்டு முறையை அப்பிடியே இஞ்ச கொண்டுவந்தா இடிக்கும். ரொறன்ரோ மேப்பிளில குளிருக்கு அரும்பை மூடின செதிலுகள் வசந்தத்தில விழுந்த தழும்பு கொப்பைச் சுத்தி வளையமாத் தெரியும், அந்த வளையத்தில இருந்து நுனி வரைக்கும் ஒரு வருச வளர்ச்சி, லேசு. எங்கட மரங்கள் கனக்க அப்பிடி மூடி உறங்கிறதில்லை, மழைக்கு மழை குருத்து விடும், ஒரு வருசத்தில ரெண்டு தரமும் தளிர்க்கும். அதால ரெண்டு இடத்துக்கும் பொருந்திற ஒரு வரையறை வேணும்: நுனியில இருந்து உயிரோட இருக்கிற கடைசி இலை வரைக்கும். அதை எடுங்கோ. குளிர்நாட்டில அளக்கிறவை வளையம் எங்க இருக்கெண்டதைத் தனியாக் குறிச்சு வைக்கட்டும்.

இலை அளக்கிற முறை

இலையைத் தட்டையா வைச்சு மேல கண்ணாடி போட்டு, பக்கத்தில அடிமட்டத்தை வைச்சு, நேர மேலயிருந்து போனால படம் எடுங்கோ, சரிஞ்சு எடுத்தா பரப்பு பிழைக்கும். இமேஜ் ஜே எண்ட மென்பொருள் இலவசம், அதில அடிமட்டத்தை வைச்சு அளவைச் சொல்லிவிட்டா பரப்பைத் தரும்.

கொம்பியூட்டர் இல்லாட்டி ஏ4 தாளில இலையைச் சுத்திக் கீறி வெட்டி நிறுங்கோ. 80 கிராம் தாள் எண்டா ஒரு சதுர மீற்றர் 80 கிராம், ஆக ஒரு சதுர செமீ 8 மில்லிகிராம். அதே கட்டுத் தாளில 10 செமீக்கு 10 செமீ சதுரம் வெட்டி நிறுத்தா 0.80 கிராம் காட்டோணும், காட்டாட்டி அந்தத் தாளுக்கு வாற எடையையே அடிப்படையா வையுங்கோ. நகைக்கடைத் தராசு 0.01 கிராம் வரைக்கும்தான் காட்டும் எண்டதால சின்ன இலைகளை ஒண்டொண்டா நிறுக்காம ஒரே மரத்து அஞ்சையும் சேத்து நிறுங்கோ.

முதிரை, வேம்பு, புளி கூட்டிலை, அதாவது ஒரு இலை கன சின்னச் சீறிலையாப் பிரிஞ்சிருக்கும். முழு இலையின்ர பரப்பையும் எழுதுங்கோ, ஒரு சீறிலையின்ர பரப்பையும் எழுதுங்கோ, ரெண்டும் வேணும். வெயில் சூட்டைப் பற்றிக் கதைக்கேக்க சீறிலைதான் கணக்கு, கொப்பு எவ்வளவு தாங்குது எண்டு கதைக்கேக்க முழு இலை.

பிறகு காய வைக்கிறது. அவண் இருந்தா 70 பாகையில 48 மணித்தியாலம், கடதாசிப் பைக்குள்ள. இல்லாட்டி வெயில்தான், ஒவ்வொரு நாளும் நிறுத்து எடை மாறாம நிக்கும் வரைக்கும் விடுங்கோ. வெயிலில காய்ஞ்ச இலையில கொஞ்ச ஈரம் எப்பவும் நிக்கும், அதால அவணில காய்ஞ்சதையும் வெயிலில காய்ஞ்சதையும் ஒரே நிரலில எழுதாதேங்கோ.

இனி கணக்கு. காய்ஞ்ச எடையைப் பரப்பால பிரிச்சா பரப்புக்கான எடை. ஒரு இலை 30 சதுர செமீ, காய்ஞ்ச எடை 0.45 கிராம் எண்டு வையுங்கோ, சதுர மீற்றருக்கு 150 கிராம். அதே பரப்பு, எடை 0.18 எண்டா 60. முதலாவது கன நாள் நிண்டு பிடிக்கத் தயார் பண்ணின இலை, ரெண்டாவது கெதியா உழைச்சுப்போட்டு விழுற இலை. 2004இல றைற்றும் ஆக்களும் நேச்சர் சஞ்சிகையில 175 இடங்களில இருந்து 2,548 இனங்களை வைச்சுக் காட்டினது இதைத்தான், பரப்புக்கான எடை கூடின இலை நெடுக வாழும், அதின்ர நைதரசன் வீதமும் உழைப்பு வேகமும் (ஒளித்தொகுப்பு வேகம்) குறைவு. உலகத்தில இந்த அளவு சுமார் 14 கிராமில இருந்து 1,500 வரைக்கும் போகுது.

அகலக்கோட்டோட இது எப்பிடிப் போகும் எண்டு கேட்டா என்றும் பச்சையையும் இலையுதிர் மரத்தையும் பிரிச்சுத்தான் பாக்கோணும். வடக்க போகப்போக என்றும் பச்சை மரங்களின்ர இலை ஆயுள் கூடும், தடிப்பும் கூடும், பைன், ஸ்புறூஸ் ஊசியிலை வருசக்கணக்கா நிக்கும். இலையுதிர் மரங்களுக்கு மறுவளம், கோடை குறுகிக்கொண்டு போக இலை ஆயுளும் குறுகும். ரெண்டையும் ஒரே கோட்டில போட்டா ஒண்டையொண்டு வெட்டி ஒண்டுமே இல்லாதமாதிரித் தெரியும்.

விளிம்பையும் பாருங்கோ, செலவில்லாத வேலை. குளிர்நாட்டில வாள்விளிம்பு இலை கூட, சூட்டு நாட்டில மழுமழுப்பான விளிம்பு கூட, 1915இலயே பெய்லியும் சின்னொட்டும் இதைக் கவனிச்சு எழுதினவை, புதைபடிவ இலையை வைச்சு பழைய காலத்துச் சூட்டைக் கணிக்கிறதும் இதை வைச்சுத்தான். பாலை, கருங்காலி மழுமழுப்பு. வேம்பு மட்டும் வாள்மாதிரி. இது இனங்களின்ர வீதத்தில தெரியிற போக்கு, ஒரு மரத்தை வைச்சு இடத்தைச் சொல்லேலாது.

நைதரசன், பொசுபரசு வீட்டில அளக்கேலாது. மத்திய கோட்டுப் பக்கம் வரவர இலையில ரெண்டும் குறையும், பொசுபரசு கூடக் குறையும் எண்டு 2004இல றைக்கும் ஒலெக்சினும் காட்டினவை, அதோட விடுவம்.

கொப்பு அளக்கிற முறை

வேணியர் இடுக்கிமானியால கடைசி உயிரிலைக்குக் கீழ, இலை முளைக்கிற கணுவில இல்லாம ரெண்டு கணுவுக்கு இடையில, பட்டையை உரிச்சுப்போட்டு விட்டத்தை அளங்கோ. குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தரம் அளந்து சராசரி எடுக்கோணும், ஏனெண்டா விட்டத்தில 10 வீதம் பிழைச்சா குறுக்குவெட்டில 21 வீதம் பிழைக்கும். தேக்கு நாலு மூலை எண்டதால விட்டம் சரிவராது, வெட்டுமுகத்தைப் படம் எடுத்து இலை மாதிரியே பரப்பு அளங்கோ.

கொப்பில இருந்த எல்லா இலையின்ர பரப்பையும் கூட்டி குறுக்குவெட்டால பிரியுங்கோ. கொப்பு 4 மில்லிமீற்றர் விட்டம் எண்டா குறுக்குவெட்டு 0.126 சதுர செமீ, அதில 240 சதுர செமீ இலை இருந்தா ஒரு சதுர செமீ கொப்புக்கு கிட்டத்தட்ட 1,900 சதுர செமீ இலை. வாய்க்கால் தாற தண்ணிக்கு ஏத்தமாதிரித்தான் வயல் விதைக்கலாம், கொப்பும் அப்பிடித்தான். வறட்சியில நிக்கிற மரம் ஒரே தடிப்புக் கொப்புக்குக் குறைய இலை வைச்சிருக்கும். இந்த அளவுதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்சது, இலையும் தண்ணியும் ஒரே இலக்கத்துக்குள்ள வந்து நிக்கிறதால.

அடர்த்தி பாக்க, தராசில தண்ணிக் கோப்பையை வைச்சு பூச்சியமாக்குங்கோ. பட்டை உரிச்ச 5 செமீ கொப்புத் துண்டை ஊசியில குத்தி, கோப்பையின்ர அடியிலயும் பக்கத்திலயும் முட்டாம தண்ணிக்குள்ள அமத்திப் பிடியுங்கோ. தராசு எத்தினை கிராம் காட்டுதோ அத்தினை கன செமீதான் கனவளவு. பிறகு காய வைச்சு நிறுத்து கனவளவால பிரியுங்கோ. 3.2 கன செமீ, காய்ஞ்சு 2.4 கிராம் எண்டா 0.75. பாலையின்ர முத்தின வைரம் (நடுவில இருக்கிற கெட்டி மரம்) தண்ணியில தாழும் எண்டது ஊரில எல்லாருக்கும் தெரியும், ஆனா நுனிக்கொப்பில வைரம் பிடிச்சிருக்காது, அந்த இலக்கத்தோட இதை ஒப்பிடாதேங்கோ.

வெளிநாட்டுச் சொந்தங்களைச் சேக்கிறது

இதில எங்களுக்கு வேற ஆருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கு. வன்னியில ஒரு வீட்டை எடுத்தா லண்டனில மாமா, ரொறன்ரோவில சித்தி, ஒஸ்லோவில மச்சான். 9 பாகையில இருந்து 60 பாகை வரைக்கும் குடும்பத்துக்குள்ளயே ஒரு கோடு கீறலாம். அவையின்ர வீட்டுக்குப் பக்கத்தில நிக்கிற மேப்பிள், பேர்ச், ஓக் எதெண்டாலும் இதே முறையில அளந்து இலக்கத்தையும் படத்தையும் வட்ஸப்பில அனுப்பட்டும். இலையையோ கொப்பையோ பார்சலில அனுப்பக் கேக்காதேங்கோ, தாவர நோயும் பூச்சியும் அதோட வரும், சுங்கத்தில அதுக்குச் சட்டமும் இருக்கு.

முடிஞ்சா ஒரே பேரினத்தைத் (கிட்டின சொந்தமான இனங்களின்ர கூட்டம்) தேடுங்கோ. எங்கட கருங்காலியின்ர பேரினத்திலதான் அமெரிக்கக் கண்டத்து பேர்சிமன் மரமும் இருக்கு, அது குளிருக்கு இலை உதிர்க்கும், கருங்காலி உதிர்க்காது. அப்பிடி ஒரு சோடி கிடைச்சா சம்மந்தமில்லாத பத்து மரத்தை விட அது கூடப் பெறுமதி.

தாளில போடுறது

எக்ஸெல்லில நிரல்கள்: இடம், அகலக்கோடு தசமத்தில, கடல் மட்டத்தில இருந்து உயரம், வருச மழை, வறண்ட மாதங்கள் எத்தினை, மரம் நிக்கிற இடம் குளக்கட்டோ வயல்வரம்போ மேடோ வளவோ, என்றும் பச்சையோ உதிருறதோ, பிறகு அளவுகள். வளவு மரத்துக்கு ஆரும் தண்ணி ஊத்துறவையெண்டா அதையும் எழுதுங்கோ.

உயரத்தை ஏன் கேக்கிறன் எண்டா ஹோட்டன் சமவெளி 7 பாகைக்குள்ளதான் இருக்கு, எங்களை விட மத்திய கோட்டுக்குக் கிட்ட, ஆனா 2,000 மீற்றருக்கு மேல எண்டதால அங்கத்தைய மரம் குட்டையா, இலை சின்னனாத் தடிப்பா நிக்கும். சிங்கராசா 6.4 பாகை, மழை 3,000 மில்லிமீற்றருக்கு மேல, அங்க இலை வேற மாதிரி, நுனி நீண்டு தண்ணி வடியிறமாதிரி இருக்கும். மூண்டு பாகைக்குள்ள இவ்வளவு மாறுது. அதால வரைபு கீறேக்க முதல் தாளில வன்னி மரங்களை மட்டும் தண்ணி கிடைக்கிற அளவுக்கு எதிராப் போடுங்கோ, ரெண்டாவது தாளில எல்லா இடத்தையும் அகலக்கோட்டுக்கு எதிராப் போடுங்கோ. இலைப் பரப்பை மடக்கையில (log) எடுங்கோ, இல்லாட்டி தேக்கு ஒண்டு மட்டும் மேல நிண்டு மிச்சமெல்லாம் அடியில ஒட்டிக்கொண்டு கிடக்கும். என்றும் பச்சைக்கு ஒரு நிறம், உதிருறதுக்கு ஒரு நிறம், ஆத்தங்கரை மரத்துக்கு வேற அடையாளம். முதல் தாளில மருதுக்கும் பாலைக்கும் இடையில வாற இடைவெளியை அடிமட்டத்தால அளந்து ரெண்டாவது தாளில 9க்கும் 60க்கும் இடையில வாற இடைவெளிக்குப் பக்கத்தில எழுதுங்கோ, செயற்திட்ட அறிக்கையின்ர முடிவுப் பகுதியை அந்த ரெண்டு இலக்கத்தில இருந்தே தொடங்கலாம்.